கரண்டுக்கு ஒரு பட்டியல்: கத்ரீனாவும் ஒரு வியட்நாமியப் பங்குக் கோயிலும்

இந்த எபிசோடு ஒரு மின்சாரக் கம்பெனியில் ஆரம்பிக்கிறது.

2005ஆம் வருடம், அக்டோபர் மாதம். அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரம். கத்ரீனா புயல் அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கத்தோலிக்கப் பங்குச்சாமியார் மின்சாரக் கம்பெனிக்காரர்களிடம் போகிறார். அவர் கையில் சில போட்டோக்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எடுத்தவை. கோயில் நிறைய ஆட்கள். "இதோ பாருங்கள், இவ்வளவு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். எங்கள் பகுதிக்குக் கரண்ட் கொடுங்கள்" என்பதுதான் அவர் கேட்டது.

புயல் நிவாரணம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அரிசி மூட்டை, போர்வை, பால் பவுடர், வரிசையில் நிற்கும் ஜனங்கள். கோயில்கள், மசூதிகள், சர்ச்சுகள் எல்லாம் இதைச் செய்கின்றன. நானும் அந்த மாதிரிக் கதையைத் தேடித்தான் படிக்கப் போனேன். ஆனால் இந்தச் சாமியாரின் போட்டோக்கள் என்னை அங்கேயே நிறுத்திவிட்டன. ஒரு சாமியார் ஏன் தன் பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மின்சாரக் கம்பெனிக்கு நிரூபிக்க வேண்டும்?

காரணம் ரொம்ப எளிது. கம்பெனியின் பெயர் என்டர்ஜி நியூ ஆர்லியன்ஸ். நகரத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கிவிட்டது. பில் கட்ட ஆளே இல்லை. செப்டம்பர் 23ஆம் தேதியே அந்தக் கம்பெனி திவால் மனு போட்டுவிட்டது. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி நியாயம்தான்: ஆள் இல்லாத ஏரியாவுக்கு எதற்குக் கம்பி இழுக்க வேண்டும்? ஜனங்கள் பக்கமிருந்து பார்த்தால் அவர்கள் கேள்வியும் நியாயம்: கரண்ட் இல்லாத ஏரியாவுக்கு எப்படித் திரும்பிப் போவது?

என்னைப் போல சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். இது டெட்லாக். இவன் அவனுக்காகக் காத்திருக்கிறான், அவன் இவனுக்காகக் காத்திருக்கிறான், இரண்டு பேருமே நகர மாட்டார்கள். ஒருமுறை எங்கள் டீமில் ராத்திரி மூன்று மணிக்கு இப்படி ஒன்று மாட்டியது. இரண்டு சர்வீஸ்கள், ஒன்று எழுந்தால்தான் மற்றது எழும். யாராவது கையால் ஒன்றைத் தள்ளிவிடாமல் தீராது. வீட்டிலேயே உட்கார்ந்து தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். நகரத்தில் அப்படித் தள்ளிவிடுவது யார்? மேயரா, கவர்னரா, ராணுவமா? நியூ ஆர்லியன்ஸின் கிழக்கு ஓரத்தில் அதைச் செய்தது ஒரு பங்குக் கோயில்.

கோயிலின் பெயர் மேரி குயின் ஆஃப் வியட்நாம். நம்ம பாஷையில் வியட்நாமின் அரசி மரியன்னை ஆலயம். பங்குத்தந்தை வியென் நுயென். இடம், நகர மையத்திலிருந்து ரொம்பத் தள்ளி, வில்லேஜ் டி லெஸ்ட் என்ற குடியிருப்பு. அங்குள்ள வியட்நாமியர்கள் அதை வெர்சாய் என்பார்கள். பிரான்ஸ் அரண்மனைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் முதலில் வந்து தங்கிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர் வெர்சாய் ஆர்ம்ஸ், அவ்வளவுதான்.

இந்த ஜனங்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் பின்னால் நடந்தது புரியாது.

1954. ஜெனீவா ஒப்பந்தம் வியட்நாமை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கு கம்யூனிஸ்ட்டுகள் கையில். வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வருகிறார்கள், அதில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். வெர்சாய்க்காரர்களில் பலருடைய பூர்வீகம் வடக்கே புயி சூ, ஃபாட் டியெம் என்ற இரண்டு மறைமாவட்டங்கள். இவர்கள் வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தனித்தனிக் குடும்பங்களாக வரவில்லை. பல இடங்களில் பங்குச்சாமியாரோடு சேர்ந்து ஊரே கிளம்பி வந்தது. தெற்கிலும் ஊராகவே குடியேறினார்கள். ஒரு கோயில், அதைச் சுற்றி வீடுகள். பலர் வுங் தாவ் பக்கம் கடலோரத்தில் மீன்பிடித் தொழிலில் இறங்கினார்கள்.

1975. சைகோன் விழுந்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் படகில் ஏறினார்கள். அமெரிக்கா வந்தவர்களை நாட்டின் நாலா பக்கத்து முகாம்களில் வைத்தார்கள். அதில் பெரிய முகாம்களில் ஒன்று ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் சாஃபி. முகாமிலிருந்து வெளியே வர ஒரு பொறுப்பாளர் வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஃபிலிப் ஹேனன் கூப்பிட்டார். மறைமாவட்டத்தின் கத்தோலிக்க தொண்டு நிறுவனம் காலியாகக் கிடந்த வெர்சாய் ஆர்ம்ஸில் இவர்களைக் குடிவைத்தது. ஈரக்காற்று, சதுப்பு நிலம், பக்கத்திலேயே மீன் கிடைக்கும் கடல், பூசை வைக்கச் சாமியார். ஊரில் இருந்ததெல்லாம் ஏறக்குறைய இங்கேயும் இருந்தது. முதலில் வந்தவர்கள் மற்ற ஊர்களில் சிதறிக் கிடந்த உறவுக்காரர்களை அழைத்தார்கள். எண்பதுகளில் தங்களுக்கென்று பங்கும் கோயிலும் கிடைத்தது. 2005 வாக்கில் கோயிலைச் சுற்றி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வியட்நாமியர்கள். வயதானவர்கள் கால்வாய்க் கரையில் கொத்தமல்லி, கீரை, பாகல், பூசணி என்று தோட்டம் போட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் அங்கேயே ஒரு சந்தை.

இன்னொரு விஷயம். பங்கை அவர்கள் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பொறுப்பாளர். நம்ம ஊர்க் கத்தோலிக்க நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அன்பியம் என்று சொன்னால் போதும். யார் வீட்டில் கல்யாணம், யார் படுத்த படுக்கையில் இருக்கிறார், யாருக்குப் பாட்டி தனியாக இருக்கிறாள், எல்லாம் அந்தப் பொறுப்பாளருக்குத் தெரியும். சாதாரண நாளில் இது வம்பு பேசுவதற்குத்தான் பயன்படும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். புயல் வந்த பிறகு அந்த வம்பு எல்லாமே டேட்டா.

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காலை. கத்ரீனா கரையைக் கடந்தது. நகரத்தைக் கொன்றது காற்று இல்லை, தண்ணீர். கிழக்குப் பகுதியில் கப்பல் கால்வாய்களை ஒட்டிய கரைகளைத் தாண்டியும் உடைத்தும் வெள்ளம் வந்தது. இறந்தவர்கள் 1,800க்கு மேல் என்றுதான் பல வருடம் எழுதி வந்தார்கள். 2023இல் அமெரிக்க தேசியப் புயல் மையம் மறுபடி ஆராய்ந்து 1,392 என்று திருத்தியது. பதினெட்டு வருடம் கழித்தும் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கே முடியவில்லை பாருங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெர்சாயில் தண்ணீர் தெருவுக்குத் தெரு வேறுபட்டது. சில வீடுகளில் முழங்கால் அளவு, சில வீடுகளில் அதைவிட நிறைய. ஆனால் லோயர் நைன்த் வார்டில் வீடுகள் அஸ்திவாரத்தோடு பெயர்ந்து போனதைப் போல இங்கே நடக்கவில்லை. இந்தக் கதையை "வியட்நாமியர்களின் மன உறுதி" என்று மட்டும் சொல்லும் பலர் இந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் புயலுக்கு முன்பே காரில் கிளம்பிவிட்டார்கள். ஃபாதர் வியென், கிளம்ப முடியாதவர்களோடு தங்கிவிட்டார். பிறகு அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். நகரமே காலி. கிளம்பிய கார்களில் நிறைய கார்கள் போய் நின்ற இடம் ஹூஸ்டன். சுமார் 560 கிலோமீட்டர். அங்கே பெல்லேர் சாலையில் ஹாங்காங் சிட்டி மால் என்று ஒரு பெரிய வணிக வளாகம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வியட்நாமியக் குடும்பங்கள் அதன் கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். வேறு எங்கே போவது என்று தெரியாதபோது தங்கள் பாஷை பேசுபவர்கள் இருக்கும் இடத்துக்குத்தானே போவோம்? ஹூஸ்டனின் வியட்நாமிய வானொலி அறிவிப்புக் கொடுத்தது. உள்ளூர்க் குடும்பங்கள் வந்து, முன்பின் தெரியாதவர்களைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஆர்கன்சாவில் அரசாங்கம் திறந்த முகாம்களில் ஒன்று, அதே ஃபோர்ட் சாஃபி. 1975இல் போர் அகதிகள், 2005இல் புயல் அகதிகள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

இப்ப ஃபாதர் வியென் என்ன செய்கிறார்? முகாம் முகாமாகப் போகிறார். டெக்சஸ், ஆர்கன்சா என்று சுற்றுகிறார். பூசை வைக்கிறார், ஆறுதல் சொல்கிறார், கூடவே யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறார். வட்டாரப் பொறுப்பாளர்களும் போனில் இதையே செய்கிறார்கள். சிதறிப்போன ஊர் ஒன்று காகிதத்தில் மறுபடி ஒன்றுசேர்கிறது. "நாம திரும்பிப் போறோம்" என்ற செய்தியும் அதே வழியாகவே போய்ச் சேர்கிறது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைக் குறுக்கே சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நான் கல்லூரி முதல் வருடம். எங்கள் தெருவுக்கு யாரோ முகம் தெரியாதவர்கள் ஒரு வேன் நிறைய சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தெருவுல மொத்தம் எத்தனை பேரு?" யாருக்கும் தெரியவில்லை. பதினைந்து வருடமாக அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு எண் சொன்னோம். கடைசி வீட்டு மாடியில் இரண்டு வயதானவர்கள் தனியாக இருந்தது அடுத்த நாள்தான் தெரிந்தது. அந்த அண்ணனின் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. வெர்சாய் கதை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அங்கே யாராவது வேனை நிறுத்திக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

சரி, அக்டோபருக்கு வருவோம். நகராட்சி கிழக்குப் பகுதிக்காரர்களுக்குப் போட்டிருந்த விதி, "பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்" என்பது. பகலில் வந்து வீட்டைப் பார்க்கலாம், தங்கக் கூடாது. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வெர்சாய்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போகவில்லை. கோயில் வளாகத்திலேயே படுத்துக்கொண்டார்கள். பகலில் வீடு வீடாகப் போய்ச் சேற்றை அள்ளினார்கள், நனைந்து பூஞ்சை பிடித்த உள்சுவர்களை உடைத்து வெளியே போட்டார்கள், கூரையில் தார்ப்பாய் கட்டினார்கள். இன்று உன் வீடு, நாளைக்கு என் வீடு. இரவில் கோயிலுக்குத் திரும்பி எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்ததைச் சாப்பிட்டார்கள்.

அக்டோபர் 9, ஞாயிறு. புயலுக்குப் பின் அந்தக் கோயிலில் முதல் பூசை. சுமார் 300 பேர் வந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி பூசைக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல்.

இதில் வெளியே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டைத் திரும்பக் கட்டுவதில் பெரிய பயம் பணம் இல்லை. நான் மட்டும் திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக்காரன் வராமல் போனால்? தெருவில் நான் மட்டும் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? கடை திறக்காது, பள்ளிக்கூடம் திறக்காது, போட்ட காசெல்லாம் போச்சு. அதனால் எல்லோரும் மற்றவர் முதலில் போகட்டும் என்று காத்திருப்பார்கள். எமிலி சாம்லீ-ரைட், வர்ஜில் ஸ்டார் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தக் கோயிலையே எடுத்துக்கொண்டு, மற்ற இடங்களில் மாட்டிய இந்தக் காத்திருப்பு இங்கே எப்படி உடைந்தது என்று ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஞாயிறு பூசைக்கு வருபவர் சாமி கும்பிட மட்டும் வரவில்லை. தலையைத் திருப்பி எண்ணவும் செய்கிறார். போன வாரம் இல்லாத மூன்றாவது வீட்டுக்காரர் இந்த வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். போதும். திங்கட்கிழமை காலையில் தைரியமாக ஆணி வாங்கப் போகலாம்.

அந்தத் தலைக்கணக்கைத்தான் ஃபாதர் வியென் போட்டோவாக எடுத்துக்கொண்டு போனார். கம்பெனிக்காரர்களுக்குப் போட்டோ மட்டும் போதவில்லை. பெயர்கள் வேண்டும் என்றார்கள். நம்ம ஃபாதருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. சுமார் 500 பேரின் பட்டியலோடு போனார். நவம்பர் முதல் வாரத்தில் வெர்சாயில் கரண்ட் வந்தது. நகரத்தின் கிழக்கில் மற்ற பகுதிகள் இருட்டாக இருந்தபோது இது வந்தது.

ஒரு மறைமாவட்டம் கோடிக்கணக்கில் டாலர் திரட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலை எந்தப் பணமும் அக்டோபரில் வாங்கித் தந்திருக்காது. அது முப்பது வருடமாக, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, பண்டிகை வசூல் என்று கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்ட பட்டியல்.

கரண்ட் வந்ததோடு கதை முடிந்திருந்தால் நான் இதை ஒரு எபிசோடாகப் போட்டிருக்க மாட்டேன்.

கோயிலுக்குப் பக்கத்து நிலத்தில் மத்திய அரசின் தற்காலிக டிரெய்லர் வீடுகள் சுமார் 200 வந்தன. ஜனங்கள் வீடுகளைச் சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள். அதே நேரத்தில் நகர மையத்தில் வேறொரு கூட்டம் நடக்கிறது. மேயர் ரே நாகின் அமைத்த மறுசீரமைப்புக் குழு. நகரத்தில் பாதிப் பேர்கூடத் திரும்பாதபோது எல்லாப் பகுதிகளையும் பழையபடி நடத்த முடியாது, தாழ்வான சில பகுதிகளைப் பூங்காவாகவும் சதுப்பு நிலமாகவும் விட்டுவிடலாம் என்பது அங்கே அடிபட்ட யோசனை. 2006 ஜனவரி 11ஆம் தேதி உள்ளூர்ப் பத்திரிகை அந்தத் திட்ட வரைபடத்தை வெளியிட்டது. சாத்தியமான பூங்காக்கள் இருக்கும் இடங்களில் பச்சை வட்டங்கள். தன் வீடு இருக்கும் இடத்தில் பச்சை வட்டத்தைப் பார்த்தவன் மனநிலையை யோசித்துப் பாருங்கள். திரும்பி வாழ ஆள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பகுதியும் நான்கு மாதத்தில் நிரூபிக்க வேண்டும், அதுவரை கட்டட அனுமதி கிடையாது என்றும் குழு பரிந்துரைத்தது. எதிர்ப்பு வெடித்து மேயர் அதைக் கைவிட்டார்.

நகரத் திட்டமிடுபவர்கள் சொன்னதில் அறிவியல் இல்லாமல் இல்லை, தாழ்வான நிலம் தாழ்வான நிலம்தான். ஆனால் "நிரூபி" என்று சொன்ன நேரத்தில் வெர்சாய் ஏற்கெனவே நிரூபித்துவிட்டு கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த அடி அதைவிட மோசம். 2006 பிப்ரவரியில் மேயர் தன் அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தி நிலப் பயன்பாட்டு விதிகளை ஒதுக்கிவைத்தார். செஃப் மென்டூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு குப்பைக் கிடங்குக்கு அனுமதி. நடத்தப்போவது வேஸ்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி. நகரம் முழுக்க இடிந்த வீடுகளின் குப்பை அங்கே வரும். வெர்சாயிலிருந்து இரண்டு மைலுக்குள். பக்கத்தில் பையூ சாவாஜ் தேசிய வனவிலங்குப் புகலிடம்.

கட்டட இடிபாடு என்றால் செங்கல், மரம்தானே என்று தோன்றும். ஆனால் இது வெள்ளத்தில் ஊறி இடிந்த வீடு. உள்ளே பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து, பேட்டரி, கெட்டுப்போன சாமான்கள் எல்லாம் கலந்து கிடக்கும். பிரித்தெடுக்க யாருக்கு நேரம்? இடிபாட்டுக் கிடங்கு என்ற வகை என்பதால் அடியில் நஞ்சு நீர் இறங்காமல் தடுக்கும் செயற்கை விரிப்பும் கிடையாது. நீர் மட்டமோ கையெட்டும் ஆழத்தில். கிடங்கை ஒட்டிய கால்வாய்த் தண்ணீர் வெர்சாய் நீர்நிலைகளோடு தொடர்புள்ளது. பாட்டிகள் தோட்டத்துக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்று முன்னாடியே சொன்னேன் இல்லையா, கால்வாய்க் கரைத் தோட்டம்.

ஏப்ரலில் கிடங்கு திறந்தது. லாரிகள் வர ஆரம்பித்தன. இதுவரை இந்தச் சமூகம் எந்த அரசியலிலும் தலைகாட்டியதில்லை. நமக்கு எதுக்கு வம்பு என்று இருந்தவர்கள். வயதானவர்களுக்கு ஆங்கிலமே சரியாக வராது. இப்போது அதே வட்டாரப் பொறுப்பாளர்கள், அதே போன் நம்பர்கள். பூசை முடிந்ததும் பேருந்து கோயில் வாசலில் நிற்கிறது. தாத்தா பாட்டிகள் ஏறி நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அட்டை பிடித்து நிற்கிறார்கள். இளைஞர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். பக்கத்தில் வாழும் கறுப்பின மக்களும் அவர்களுடைய தலைவர்களும் கூட நின்றார்கள். இரண்டு சமூகமும் முப்பது வருடம் அடுத்தடுத்த தெருவில் இருந்தும் பெரிதாகக் கலந்து பழகியதில்லை. குப்பை லாரி வந்துதான் சேர்த்து வைத்தது.

மேயர் மே மாதத் தேர்தலில் மறுபடி ஜெயித்தார். ஆகஸ்டில் அவருடைய அவசர உத்தரவு காலாவதியானது. அதை அவர் புதுப்பிக்கவில்லை. கிடங்கு மூடப்பட்டது. திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்தப் போராட்டத்தில் சட்டப் பக்கம் நின்ற பங்குக்காரர்களில் ஒருவர் ஆன் ஜோசஃப் காவ். ஒரு காலத்தில் சேசு சபைக் குருவாகப் படித்து, பாதியில் வெளியே வந்து வழக்கறிஞரானவர். 2008 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே போன முதல் வியட்நாமிய அமெரிக்கர் அவர்தான். ஒரே பதவிக் காலம், அடுத்த தேர்தலில் தோற்றார். எஸ். லியோ சியாங் எடுத்த "எ வில்லேஜ் கால்டு வெர்சாய்" என்ற ஆவணப்படம் 2009இல் வந்தது. கிடைத்தால் பாருங்கள். நான் எவ்வளவு சொன்னாலும் அந்தப் பாட்டிகளின் முகத்தைச் சொல்ல முடியாது.

இப்போது இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் பகுதி.

2007 வாக்கில் வெர்சாயின் வியட்நாமியர்களில் 90 சதவீதத்துக்குப் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அதே பகுதியின் கறுப்பின மக்களில் திரும்பியவர்கள் பாதிக்கும் குறைவு. அதே புயல், அதே தண்ணீர், சில இடங்களில் அதே தெரு. உடனே சிலர் ஆரம்பித்துவிட்டார்கள்: பார்த்தாயா, உழைப்பாளிகள் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் அரசாங்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தார்கள் என்று. நம்ம ஊரிலும் இந்த மாதிரிப் பேச்சுக்குக் குறைவில்லை, சமூகத்தின் பெயர்தான் மாறும்.

ஆனால் கணக்கைத் திறந்து பாருங்கள். வியட்நாமியக் குடும்பங்களில் நிறையப் பேருக்குச் சொந்த வீடு. வாடகைக்கு இருந்தவர் எங்கே திரும்புவது? வீட்டுக்காரர் பூட்டிவிட்டால் முடிந்தது. வீடு கட்ட லூசியானா அரசு கொண்டுவந்த உதவித் திட்டத்தின் பெயர் ரோடு ஹோம். அது வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டுமே நேரடியாகப் பணம் கொடுத்தது. அதிலும் ஒரு ஃபார்முலா. புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, மறுபடி கட்ட ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கு. கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் அதே அளவு வீட்டுக்குச் சந்தை மதிப்பு குறைவு. சிமென்ட் விலையும் ஆணி விலையும் எல்லா ஏரியாவிலும் ஒன்றுதான். ஒரு மினிமம் ஃபங்ஷன், ஒரே ஒரு வரி கோடு, யாரும் நிறத்தைப் பற்றி அதில் எழுதவில்லை. விளைவு மட்டும் நிறத்தின்படி வந்தது. வழக்குப் போட்டார்கள். 2011இல்தான் சமரசத் தீர்வு வந்தது. அதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது.

கோயில் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்காகப் பேச ஒரு சாமியார் இருந்தார். ஃபாதர் வியென் வாங்கிவந்த கரண்ட் கம்பியில் அக்கம்பக்கத்தாருக்கும் வெளிச்சம் வந்திருக்கும், கிடங்கு மூடியதில் எல்லோருக்கும் நன்மை. ஆனால் ஹூஸ்டன் முகாமில் தேடிப்போய்க் கூப்பிட்டது அந்தப் பட்டியலில் இருந்தவர்களைத்தான். அதில் அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தனக்குத் தெரிந்த பெயர்களைத்தானே ஒரு மனிதன் கூப்பிட முடியும்? மீதிப் பெயர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தில் வரி வாங்கும் ரிஜிஸ்டர் இருந்தது.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மீன்பிடிக்கத் தடை. வெர்சாயின் இறால் படகுக்காரர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். கத்ரீனாவுக்குப் பிறகு அந்தப் பங்கு ஆரம்பித்திருந்த வளர்ச்சி நிறுவனம் மறுபடி வேலையைத் தொடங்கியது. படகு இல்லாதவர்களும் வேலை போனவர்களும் சேர்ந்து ஒரு காய்கறிக் கூட்டுறவு அமைத்தார்கள். கடலில் வலை வீசியவர்கள் கீரைப் பாத்தி கட்டப் போனார்கள், நகரத்து உணவகங்களுக்கு விற்றார்கள்.

கிழக்குப் பகுதிக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது என்று இந்த எபிசோடில் ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அதற்குக் காரணமான கப்பல் கால்வாய் ஒன்று இருக்கிறது. 1960களில் வெட்டி முடித்தது, 76 மைல் நீளம், நினைத்த அளவு கப்பல்களே வராதது, 2009இல் பாறைகளைக் கொட்டி மூடியது. அடுத்த எபிசோடு அதுதான். சந்திப்போம்.